குடல் அழற்சி உள்ளவர்கள் இதயத்தையும் கவனித்துக்கொள்ளும் முறை

என் தம்பிக்குப் பெருங்குடல் புண் அழற்சி, அதாவது மருத்துவமனையில் எல்லாரும் கொலைடிஸ் என்று சொல்லும் நோய், 29 வயதில் உறுதியானது. 41 வயதில் அவனுக்கு மாரடைப்பு வந்தது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் குடலுக்காக எத்தனையோ முறை மருத்துவமனையில் காத்திருந்த எங்கள் குடும்பத்தில் ஒருவர்கூட, பட்டர்வொர்த்தில் மருந்தாளராக வேலை பார்க்கும் நான் உட்பட, அவன் இதயத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. குடல் நோய் குடலோடு நிற்கும் என்றே இருந்துவிட்டோம். அப்படி நிற்பதில்லை என்று பட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, மருந்து வாங்க வரும் கொலைடிஸ் நோயாளிகளிடமும் குரோன் நோயாளிகளிடமும் ஒவ்வொருவராகச் சொல்லி வந்ததை இங்கே ஒழுங்காக எழுதி வைக்கிறேன். மருத்துவரின் சொல்லுக்கு மாற்றாக இதைக் கொள்ள வேண்டாம். அவரிடம் எதைக் கேட்பது, எதைச் சொல்ல மறக்கக் கூடாது என்பதற்கு இது துணையாக இருக்கட்டும்.

குடலுக்கும் இதயத்துக்கும் என்ன தொடர்பு

அழற்சிக் குடல் நோய் என்பது இரண்டு நோய்களைச் சேர்த்துச் சொல்லும் பெயர். பெருங்குடல் புண் அழற்சி மலக்குடலில் தொடங்கிப் பெருங்குடலின் உட்சவ்வைப் புண்ணாக்குகிறது. 1932இல் நியூயார்க்கில் பர்ரில் குரோனும் அவருடன் பணிபுரிந்த மருத்துவர்களும் விவரித்த குரோன் நோய், வாயிலிருந்து ஆசனவாய் வரை எந்த இடத்திலும், குடல் சுவரின் முழுத் தடிமனிலும் வரக்கூடியது. ஐபிஎஸ் எனப்படும் குடல் எரிச்சல் நோய் இவற்றில் சேராது. அதில் குடல் தொல்லை தருமே தவிர இத்தகைய அழற்சி இருக்காது. உங்களுக்கு இருப்பது எது என்று தெரியாவிட்டால், குடலுக்குள் கேமரா செலுத்திப் பார்க்கும் கொலொனோஸ்கோப்பி சோதனையின் அறிக்கையை வைத்து அதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

நலமாக இருக்கும் குடலின் உட்சுவர் நெருக்கமாகப் பின்னிய வேலியைப் போன்றது. நோய் சீறும்போது, அதாவது அழற்சி தீவிரமாகும்போது, அந்த வேலி விலகி, குடலில் வாழும் நுண்ணுயிரிகளின் சிதைவுகள் இரத்தத்தில் கசிகின்றன. உடல் அவற்றைப் பகையாக எண்ணி, டிஎன்எஃப், இன்டர்லியூக்கின் 6 போன்ற அழற்சிப் பொருள்களைச் சுரக்கிறது. கல்லீரல் சிஆர்பி என்னும் புரதத்தை ஏராளமாக உண்டாக்குகிறது. இவையெல்லாம் உடல் முழுவதும் சுற்றி வருபவை. இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்களின் உட்பரப்பு இவற்றால் வழவழப்பை இழக்கிறது, அங்கே கெட்ட கொழுப்பு எளிதில் நுழைந்து படிகிறது, படிந்த கொழுப்பைச் சுற்றியும் அழற்சி உண்டாகிறது, தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ளும் தன்மை மிகுகிறது. ஒரு நாள் அந்தப் படிவு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்தால் அதுவே மாரடைப்பு.

அழற்சிக்கு இதில் தனிப் பங்கு உண்டு என்பதை 2017இல் வெளிவந்த கான்டோஸ் என்னும் பெரிய மருந்து ஆய்வு காட்டியது. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கு, கொழுப்பைக் குறைக்காமல் அழற்சியை மட்டும் தணிக்கும் மருந்தைக் கொடுத்தபோது மீண்டும் இதய நோய் தாக்குவது குறைந்தது. குடல் நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், மற்றவர்களைவிட இவர்களுக்கு இதயக் குழாய் அடைப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதிகம். இளம் வயதில் ஒருவருடைய அடிப்படை ஆபத்தே சிறிது என்பதால் இந்தக் கூடுதல் எண்ணிக்கையில் பெரிதாக இராது. பயந்து உறக்கம் கெட வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கூடுதல் எப்போது சேர்கிறது என்பதைக் கவனியுங்கள். 2013இல் வெளிவந்த டென்மார்க் ஆய்வில், மாரடைப்பும் பக்கவாதமும் மிகுந்தது நோய் சீறிய காலத்திலும் ஓயாமல் நீடித்த காலத்திலும்தான். 2018இல் பிரான்ஸ் நாட்டு ஆய்வு, குடல் நோய்க்காக மருத்துவமனையில் சேர்வதற்கு முன்னும் பின்னுமான மும்மூன்று மாதங்களில் ஆபத்து ஏறுவதையும், 55 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களிடம் வேறுபாடு கூடுதலாகத் தெரிவதையும் கண்டது.

மலேசியத் தமிழர்கள் இதைக் கூடுதல் அக்கறையோடு படிக்க வேண்டும். பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் நடந்த ஆய்வில், இந்த நாட்டின் மூன்று பெரிய இனங்களில் இந்தியர்களிடம்தான் அழற்சிக் குடல் நோய் அதிகமாகக் காணப்பட்டது. நீரிழிவும் இளவயது மாரடைப்பும் நம்மிடம் மிகுதி என்பதை நம் வீட்டுத் திருமணப் பந்தியில் உட்கார்ந்திருப்பவர்களை எண்ணிப் பார்த்தாலே தெரியும். ஆக, நம்மில் கொலைடிஸ் உள்ள ஒருவர் இரண்டு பக்கச் சுமையோடு நடக்கிறார்.

எந்தப் பரிசோதனையை எப்போது செய்வது

இந்தப் பகுதியைத்தான் நான் எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதுகிறேன், ஏனென்றால் எங்கள் தவறு இங்கேதான் நடந்தது. மாரடைப்புக்கு ஏழு மாதங்களுக்கு முன் தம்பிக்கு நோய் கடுமையாகச் சீறியது. நாளுக்குப் பன்னிரண்டு முறை கழிப்பறைக்குப் போய், எட்டுக் கிலோ எடை குறைந்து கிடந்தான். அந்த நேரத்தில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் எல்டிஎல் எனப்படும் கெட்ட கொழுப்பு லிட்டருக்கு 1.9 மில்லிமோல் என்று வந்தது. அந்தத் தாளை வாங்கிப் பார்த்து, “கொழுப்பு அருமையா இருக்குடா தம்பி, அதைப் பத்திக் கவலையே வேணாம்” என்று சொன்னவள் நான். மாரடைப்போடு அவசரப் பிரிவில் சேர்த்த அன்று அதே எல்டிஎல் 4.3.

உடலில் அழற்சி கொழுந்துவிட்டு எரியும்போதும் ஊட்டச்சத்து குறைந்திருக்கும்போதும் இரத்தத்தில் கொழுப்பின் அளவு தாழ்ந்து காணப்படும். அது நல்ல செய்தி ஆகாது. குழாய்க்கு ஆபத்து மிகுந்திருக்கும் அதே வேளையில் தாளில் எண் அழகாக இருக்கும். ஆகவே கொழுப்புப் பரிசோதனையை நோய் தணிந்து, சிஆர்பி இயல்புக்குத் திரும்பிய பிறகு செய்யுங்கள். சீறிய காலத்தில் எடுத்த முடிவு கையில் இருந்தால் அதன் ஓரத்தில் “நோய் சீறியபோது எடுத்தது” என்று பேனாவால் எழுதி வைத்து, தணிந்த பின் மறுபடியும் எடுங்கள். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அது கொழுப்பையும் சர்க்கரையையும் ஏற்றிவிடும்.

சர்க்கரைப் பரிசோதனையிலும் இதுபோன்ற இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. முதலாவது, காலையில் பிரெட்னிசொலோன் சாப்பிடுகிறவருக்கு மறுநாள் வெறும் வயிற்றில் சர்க்கரை சரியாக இருந்து, பகல் உணவுக்குப் பிறகு மட்டும் எகிறும். ஆகவே வீட்டில் குளுக்கோமீட்டர் உள்ளவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். இரண்டாவது, மூன்று மாதச் சராசரி என்று நாம் நம்பும் எச்பிஏ1சி, இரும்புச்சத்துக் குறைவால் வந்த இரத்தசோகையில் பொய்யாக உயரலாம், அண்மையில் இரத்தம் கசிந்திருந்தாலோ இரும்புச்சத்து ஏற்றத் தொடங்கியிருந்தாலோ பொய்யாகத் தாழலாம். குடல் நோயாளிகளில் பலருக்கு இரத்தசோகை இருப்பதால், அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து நீரிழிவு உண்டு, இல்லை என்று முடிவு கட்டாமல், வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் சேர்த்துப் பார்க்கும்படி கேளுங்கள்.

இரத்தசோகையைத் தனியாகவே கவனிக்க வேண்டும். ஹீமோகுளோபின் குறைந்தால் இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டப் பார்க்கும். படபடப்பும் மூச்சுத் திணறலும் வரும். இதயக் குழாய் ஏற்கெனவே சுருங்கியிருப்பவருக்கு அது நெஞ்சுவலியையே கொண்டுவரும். இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பொதுவாக 30க்குக் கீழே போனால்தான் குறைவு என்பார்கள். ஆனால் அழற்சி இருக்கும்போது அது உயர்ந்து காட்டும் என்பதால், 100 வரை இருந்தாலும் குறைவு இருக்கக்கூடும். மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால், இரத்தக் குழாய் வழியாக இரும்புச்சத்து ஏற்றும் வழி இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

இரத்த அழுத்தத்தை வீட்டிலேயே பார்க்கலாம். காலையும் மாலையும் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு பார்த்து, ஒரு வாரச் சராசரி 135/85ஐத் தாண்டினால் மருத்துவரிடம் காட்டுங்கள். இடுப்புச் சுற்றளவை நாடாவால் அளந்துகொள்ளுங்கள். ஆசியர்களுக்கு ஆண்களில் 90 சென்டிமீட்டரும் பெண்களில் 80 சென்டிமீட்டரும் எல்லை. வயிற்றுப்போக்கு நீடித்தால் பொட்டாசியமும் மெக்னீசியமும் இறங்கி இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடலாம் என்பதால், நோய் சீறும் காலத்தில் அவற்றையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

செலவை நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம். அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்கான வெளிநோயாளிக் கட்டணம் 1 ரிங்கிட்தான். அரசின் ரொக்க உதவி பெறும் குடும்பத்தினர் 40 வயதைத் தாண்டியிருந்தால், பெக்கா பி40 திட்டத்தின்கீழ் இலவச உடல்நலப் பரிசோதனைக்குத் தகுதி உண்டு. அதில் பங்கேற்கும் தனியார் கிளினிக்குகளும் இருக்கின்றன. ஆனால் 40 வயது வரை காத்திருக்க வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். குடல் நோய் உறுதியான ஆண்டிலேயே ஒருமுறை கொழுப்பு, சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்த்து, தொடக்க அளவாகக் குறித்து வைப்பதே என் கருத்தில் சரியானது.

ஒரு செய்தியை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்ல வேண்டியிருக்கலாம். இதய ஆபத்தைக் கணக்கிடும் அட்டவணைகள் வயது, புகை, இரத்த அழுத்தம், கொழுப்பு, நீரிழிவு ஆகியவற்றைக் கேட்கும். ஃப்ராமிங்ஹாம் கணக்கில் குடல் அழற்சிக்கு இடமே கிடையாது. பிரிட்டனின் கியூரிஸ்க் 3 முடக்குவாதத்தையும் லூப்பஸ் நோயையும் சேர்த்துக்கொண்டும் இதைச் சேர்க்கவில்லை. ஆகவே கணக்கு ‘குறைந்த ஆபத்து’ என்று சொன்னாலும், “எனக்கு இத்தனை ஆண்டாகக் கொலைடிஸ் இருக்கிறது, சென்ற ஆண்டு இத்தனை முறை சீறியது, அதையும் சேர்த்துப் பாருங்கள் டாக்டர்” என்று சொல்லுங்கள். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை தேவை என்று அவர் முடிவு செய்தால், குடல் நோயைக் காரணம் காட்டி அதை மறுக்க வேண்டியதில்லை.

மருந்துப் பட்டியலை எப்படிச் சரிபார்ப்பது

நம் ஊரில் குடல் மருத்துவர் ஓர் இடம், இதய மருத்துவர் ஓர் இடம், மூட்டுவலிக்குப் பக்கத்துத் தெருக் கிளினிக், சளிக்கும் காய்ச்சலுக்கும் மருந்தகம் என்று வாங்குவது வழக்கம். எல்லா மருந்துகளையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, ஆண்டுக்கு இரண்டு முறையாவது ஒரே மருந்தாளரின் மேசையில் கொட்டிக் காட்டுங்கள். எங்களுக்கு அது தொந்தரவே இல்லை. அப்படிக் கொட்டும்போது நான் முதலில் தேடுவது வலி மாத்திரை. வோல்டரன், புரூஃபன், போன்ஸ்டன் என்ற பெயர்களில் வீட்டுக்கு வீடு கிடக்கும் இவ்வகை மாத்திரைகள் கொலைடிஸைச் சீறவும் வைக்கக்கூடும், மாரடைப்பு ஆபத்தையும் ஏற்றக்கூடும். ஒரே மாத்திரை இரண்டு பக்கமும் அடிக்கிறது. சாதாரண வலிக்குப் பாரசிட்டமோலே முதல் தெரிவு. அதிலும் தண்ணீரில் நுரைத்துக் கரையும் வகையில் சோடியம் அதிகம் என்பதால், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் சாதாரண மாத்திரையையே வாங்குங்கள்.

வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபெரமைடை மருத்துவரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது. கடுமையான கொலைடிஸில் அது குடலை வீங்கச் செய்து உயிருக்கே ஆபத்தாகலாம். அளவுக்கு மிஞ்சினால் இதயத் துடிப்பையும் குலைக்கும்.

குடல் நோய்க்கான மருந்துகளில் மெசலசின் பெரும்பாலோருக்குப் பாதுகாப்பானது. மிக அரிதாக, தொடங்கிய முதல் சில வாரங்களில் அது இதயத் தசையிலோ இதய உறையிலோ அழற்சியை உண்டாக்கும். புதிதாகத் தொடங்கியவருக்கு நெஞ்சுவலியும் காய்ச்சலும் வந்தால், மருந்து தொடங்கிய தேதியைச் சொல்லி உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இன்ஃப்ளிக்ஸிமாப், அடாலிமுமாப் போன்ற டிஎன்எஃப் தடுப்பு ஊசிகள் அழற்சியை நன்றாக அடக்குபவை, ஆனால் இதயம் பலவீனமாகி நீர் கோத்துக்கொள்ளும் கடுமையான இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு ஏற்றவை அல்ல. டோஃபாசிட்டினிப், உபாடாசிட்டினிப் ஆகிய மாத்திரைகளைத் தொடங்குமுன் புகைப்பழக்கம், முந்தைய மாரடைப்பு, இரத்த உறைவு ஆகியவற்றை மறைக்காமல் சொல்லுங்கள். இதய ஆபத்து உள்ள 50 வயதுக்கு மேற்பட்ட முடக்குவாத நோயாளிகளிடம் டோஃபாசிட்டினிப்பைச் சோதித்த ஆய்வில் மாரடைப்பும் இரத்த உறைவும் கூடுதலாக இருந்ததால், அமெரிக்க அதிகாரிகள் 2021இல் அழற்சி நோய்களுக்குத் தரும் இந்த வகை மருந்துகளுக்குக் கடும் எச்சரிக்கை விதித்தார்கள். குடல் அழற்சியை அடக்கும் அஸதயோபிரின் சாப்பிடுகிறவர், கௌட் எனும் மூட்டு வீக்கத்துக்காக வேறு கிளினிக்கில் அலோபியூரினோல் வாங்கிவிடக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் எலும்பு மச்சை ஒடுங்கி இரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையும். இரத்தத்தை இளக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு அதே அஸதயோபிரின் வார்ஃபரினின் வேகத்தைக் குறைக்கும்.

அடைபட்ட இதயக் குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்துக் கொடுப்பார்கள். கொலைடிஸ் நோயாளி மலத்தில் இரத்தத்தைப் பார்த்ததும் பயந்து அவற்றைத் தானாக நிறுத்திவிடுவது இயல்பு. என் தம்பியும் மூன்றாவது வாரத்தில் நிறுத்தத்தான் இருந்தான். புதிய ஸ்டென்டில் இரத்தம் உறைந்தால் அது இன்னொரு மாரடைப்பு. இரத்தம் கண்டால் அன்றைக்கே இரு மருத்துவர்களையும் தொடர்புகொள்ளுங்கள், எதைக் குறைப்பது என்பதை அவர்கள் பேசி முடிவு செய்யட்டும். வயிற்றுக்காக ஒமிப்ரசோல் சாப்பிடுகிறவர்கள், அது குளோபிடோக்ரெலின் வேலையைக் குறைக்கக்கூடும் என்பதால் பேன்டோப்ரசோல் போன்ற மாற்று உண்டா என்று கேளுங்கள்.

நாட்டு மருந்து, ஜாமு, ‘எல்லா வலிக்கும்’ என்று சந்தையில் விற்கும் குளிகைகள் பற்றியும் சொல்லியாக வேண்டும். மூலிகை என்று விற்கப்படும் சிலவற்றில் டெக்ஸாமெதசோன் எனும் ஸ்டீராய்டு ஒளித்துக் கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சின் மருந்துக் கட்டுப்பாட்டுப் பிரிவு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. இரண்டு நாளில் குடலும் மூட்டும் அதிசயமாகக் குணமானால் மகிழாதீர்கள், சந்தேகப்படுங்கள். பெட்டியில் ‘மால்’ எனத் தொடங்கும் பதிவு எண் இல்லாத எதையும் வாங்க வேண்டாம்.

குடலைத் தணிய வைத்திருப்பது

முன்பு சொன்ன டென்மார்க் ஆய்வின் உட்பொருளை மறுபடியும் நினைத்துப் பாருங்கள். நோய் தணிந்திருந்த காலத்தில் ஆபத்து அவ்வளவாக ஏறவில்லை. ஆகவே குடல் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவது இதயத்துக்கும் செய்கிற வைத்தியம். வயிறு சரியாகிவிட்டது என்று மெசலசினைப் பாதியில் விட்டுவிட்டு, மூன்று மாதம் கழித்து ஸ்டீராய்டு கேட்டு வருகிறவர்களை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். எனக்கு மனம் வலிக்கும் காட்சி அது. ஸ்டீராய்டு ஒவ்வொரு முறையும் இரத்த அழுத்தம், சர்க்கரை, எடை ஆகிய மூன்றையும் கொஞ்சம் ஏற்றிவிட்டுப் போகிறது. ஓர் ஆண்டில் இரண்டு முறை ஸ்டீராய்டு தேவைப்பட்டால், அடிப்படை மருந்தை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டதா என்று குடல் மருத்துவரைக் கேளுங்கள். மலத்தில் கால்புரோடெக்டின் என்னும் அழற்சிப் புரதத்தைப் பார்த்தால், வெளியே தெரியாமல் கனன்றுகொண்டிருக்கும் அழற்சியும் அகப்படும். பொதுவாக 150க்குக் கீழே இருந்தால் குடல் அடங்கியிருக்கிறது என்று கொள்வார்கள்.

இரத்தம் உறைதல்

இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுபோகும் தமனிகளில் வரும் அடைப்பைவிட, இதயத்துக்கு இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் நாளங்களில் இரத்தம் உறையும் ஆபத்து இந்த நோயில் இன்னும் தெளிவானது. மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். 2010இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வில், நோய் சீறும் காலத்தில் அது எட்டு மடங்கைத் தொட்டது. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச்சதை வலித்துச் சூடாக இருந்தால் தைலம் தேய்க்காதீர்கள், மருத்துவமனைக்குப் போங்கள். உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போனால் திடீர் மூச்சுத் திணறலும், மூச்சை இழுக்கும்போது குத்தும் வலியும் வரும். கொலைடிஸ் சீறி மருத்துவமனையில் சேர்ந்தால், இரத்தம் போய்க்கொண்டிருக்கும்போதே உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி போடுவார்கள். “இரத்தம் போகிற ஆளுக்கு இரத்தத்தை இளக்கும் ஊசியா?” என்று குடும்பத்தார் மறுப்பதுண்டு. மறுக்காதீர்கள், போடாவிட்டால் ஏன் போடவில்லை என்று கேளுங்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்கள் வேறு முறையைப் பற்றிப் பேச வேண்டும்.

தைப்பூசத்துக்கு விரதம் இருந்து, வெயிலில் நடந்து, தண்ணீர்மலைக் கோயிலுக்கோ பத்துமலையின் 272 படிகளுக்கோ போகிறவர்கள் நம்மில் பலர். நம்பிக்கையை நான் தடுக்க மாட்டேன். நோய் தணிந்திருந்தால் போய் வாருங்கள், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரிழப்புக் கரைசல் பொட்டலம் இரண்டைப் பையில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் குடியுங்கள், மாத்திரை நேரத்தைத் தவறவிடாதீர்கள். நோய் சீறியிருக்கும் ஆண்டில் உடலின் நீர் வற்றினால் இரத்தம் உறையக்கூடும். முருகன் அடுத்த ஆண்டும் அங்கேதான் இருப்பான்.

சாப்பாடு, நடை, புகை

இதய மருத்துவர் “காய்கறி, நார்ச்சத்து நிறையச் சாப்பிடுங்கள்” என்பார். குடல் சீறும்போது அதே பச்சைக் காய்கறி வலியைக் கூட்டும். இரண்டையும் காலம் பிரித்துச் செய்யுங்கள். சீறும் நாள்களில் குழைந்த சோறு, இட்லி, அவித்த மீன், வாழைப்பழம். தணிந்த பிறகு நன்றாக வேகவைத்த கீரை, பருப்பு, தோல் நீக்கிய காய் என்று படிப்படியாக ஏற்றுங்கள். குரோன் நோயால் குடல் சுருங்கியிருப்பவர்கள் முருங்கைக்காய்ச் சக்கை போன்ற நார்களைத் தொடவே வேண்டாம். இதயத்துக்கு நல்ல மீன் கொழுப்பு வேண்டுமென்றால் விலையுயர்ந்த சால்மனைத் தேட வேண்டியதில்லை. ஈரச்சந்தையில் கெம்போங் என்று விற்கும் கானாங்கெளுத்தியே போதும், பொரிக்காமல் குழம்பில் போடுங்கள். நாசி கண்டார் கடையில் எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றும் ‘பஞ்சிர்’ வேண்டாம் என்று சொல்லி, ஒரே குழம்பை ஓரமாகக் கேளுங்கள். ரொட்டி சானாயையும் தே தாரிக்கையும் தினப்படியிலிருந்து எடுத்து எப்போதாவது ஒரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள் என்பது பொது விதி. சிறுகுடலை வயிற்றின் வழியே வெளியே திறந்து பை பொருத்தியவர்களுக்கு உப்பு அதிகமாக வெளியேறுவதால் இந்த விதி பொருந்தாது, அவர்கள் மருத்துவர் சொன்ன அளவைப் பின்பற்ற வேண்டும்.

வாரத்துக்கு 150 நிமிட வேக நடை என்ற அறிவுரை எல்லாருக்கும் தெரியும். கொலைடிஸ் உள்ளவரைத் தடுப்பது சோம்பல் இல்லை, கழிப்பறை பற்றிய பயம். என் தம்பி முதலில் ஒரு வாரம் நடக்காமல், தாவரவியல் பூங்காவிலும் கர்னி கடற்கரையிலும் கழிப்பறைகள் எங்கெங்கே இருக்கின்றன, காலை எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள் என்று மட்டும் பார்த்து வந்தான். அதன் பிறகுதான் நடை நிலைத்தது. புகையைப் பொறுத்தவரை ஒரு குழப்பம் உண்டு. குரோன் நோயைப் புகை மோசமாக்கும். கொலைடிஸிலோ, புகையை விட்ட பிறகு சிலருக்கு நோய் சீறுவதுண்டு. அதைப் பிடித்துக்கொண்டு “எனக்கு இது மருந்து” என்று ஊதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சீறினால் அடக்க மருந்து இருக்கிறது. விடுங்கள், விடும்போது குடல் மருத்துவருக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.

எப்போது உடனே போக வேண்டும்

தம்பிக்கு முந்தின இரவு வந்தது நெஞ்சின் நடுவில் ஓர் அழுத்தம், தாடை வரை ஓர் இழுப்பு, குளிர்ந்த வியர்வை. பல ஆண்டாக வயிற்று வலிக்குப் பழகிப்போனவன் என்பதால் வாயு என்று நினைத்தான். அருகிலிருந்த கிளினிக்கிலும், குடல் நோய் என்று கேட்டதும் வயிற்று மருந்து கொடுத்து அனுப்பினார்கள். மறுநாள் விடிகாலையில்தான் ஈசிஜி எடுக்கப்பட்டது. அந்த ஓர் இரவில் இதயத் தசையில் ஒரு பகுதி போய்விட்டது.

ஆகவே இதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். தொப்புளுக்கு மேலே, நெஞ்சு, முதுகு, தோள், தாடை ஆகிய எங்காவது வழக்கமில்லாத அழுத்தம் பத்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, அதனுடன் வியர்வை, மூச்சுத் திணறல், மயக்கம் சேர்ந்தாலோ 999ஐ அழையுங்கள். நீங்களே காரோட்டிப் போகாதீர்கள். பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் களைப்பும் குமட்டலுமாக வரக்கூடும். கிளினிக்கில் இருந்தால், “எனக்குக் கொலைடிஸ் இருக்கிறது, இதயத்துக்கும் ஆபத்து அதிகம், ஈசிஜி எடுங்கள்” என்ற சொற்களைச் சொல்லுங்கள். ஈசிஜி சரியாக இருந்தாலும் வலி தொடர்ந்தால், இதயத் தசை சேதமானால் இரத்தத்தில் ஏறும் ட்ரோபோனின் அளவைப் பார்க்க மருத்துவமனைக்கு அனுப்பக் கேளுங்கள்.

ஒரே நோட்டுப் புத்தகம்

கடைசியாக, ஒரு பள்ளி நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் நோயின் பெயர், உறுதியான ஆண்டு, இப்போதைய மருந்துகளும் அளவும், ஒவ்வாமை, ஸ்டென்ட் இருந்தால் வைத்த தேதி ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதுங்கள். அவசரப் பிரிவில் அதைப் படிக்கப் போகிறவர் தமிழ் அறிந்தவராக இருப்பார் என்று சொல்ல முடியாது. அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். அடுத்த பக்கங்களில் தேதி, எல்டிஎல், சர்க்கரை, ஹீமோகுளோபின், சிஆர்பி, அன்றைக்குக் குடல் எப்படி இருந்தது என்று ஒரு வரி. குடல் மருத்துவரிடம் போகும்போது இதயத்தின் வரிகளையும், இதய மருத்துவரிடம் போகும்போது குடலின் வரிகளையும் காட்டுங்கள்.

தம்பியின் நோட்டுக்கு நீல அட்டை. சென்ற மாதம் அவன் எழுதிய வரியில் எல்டிஎல் 1.3, ஹீமோகுளோபின் 13.4, சிஆர்பி 3, குடல் அமைதி, காலை நடை 40 நிமிடம் என்று இருக்கிறது. அதற்குக் கீழே அடுத்த இரத்தப் பரிசோதனைக்கான தேதியை நான் எழுதியிருக்கிறேன்.